லேப்டாப்புக்கு தனி மானிட்டர்: போர்ட்டு பாக்குறதுல இருந்து கடைசி செட்டிங் வரைக்கும்

புதுசா மானிட்டர் வாங்குறவங்க பெரும்பாலும் தலைகீழாதான் ஆரம்பிக்கிறாங்க. ஆஃபர்ல ஒரு 27 இன்ச் கண்ல படுது, உடனே வாங்கிடுறாங்க, அது வந்து எறங்குனப்புறம்தான் லேப்டாப்புல எதுல சொருகுறதுன்னு திருப்பித் திருப்பிப் பாக்குறாங்க. அப்புறம் "மானிட்டர் சரியில்ல"ன்னு ஒரு பேச்சு வரும், போய்ப் பாத்தா மானிட்டர் மேல ஒரு தப்பும் இருக்காது, ஒன்னு போர்ட்டு, இல்ல கேபிளு, இல்ல யாரும் தொடாம விட்ட ஏதாவது ஒரு செட்டிங்கு. கீழ உள்ள வரிசையை முடிஞ்ச வரைக்கும் மாத்தாம போங்க, ஏன்னா முன்னாடி உள்ளதுதான் பின்னாடி உள்ளதை முடிவு பண்ணுது.

1. மொதல்ல லேப்டாப்பைப் பாருங்க

மானிட்டர் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் லேப்டாப் எவ்வளவு அனுப்புதோ அவ்வளவுதான் தெரியும். அதனால ஒரு பேப்பர் எடுத்து மூணு விஷயம் எழுதிக்குங்க: என்ன போர்ட்டு இருக்கு, அதுல அதிகபட்சம் என்ன ரெசொல்யூஷன் (படத்துல எத்தனை பிக்சல், அதாவது புள்ளி) எத்தனை ஹெர்ட்ஸ்ல (நொடிக்கு எத்தனை தடவை படம் புதுசாகுது) போகும், சார்ஜர் எத்தனை வாட்.

எச்டிஎம்ஐ போர்ட்டுன்னா வெளியில பாத்து ஒன்னும் தெரியாது, எல்லா வெர்ஷனும் ஒரே மாதிரிதான் இருக்கும். லேப்டாப்போட மாடல் நம்பரை வச்சு கம்பெனியோட ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்துல பாருங்க. எச்டிஎம்ஐ 1.4-னா 4கே (3840-க்கு 2160 பிக்சல்) வரும், ஆனா 30 ஹெர்ட்ஸ்ல வரும், மவுசை நகத்துனா அம்புக்குறி விட்டு விட்டு தாவுறது கண்ணுக்கே தெரியும், அதுல நாள் முழுக்க வேலை பாக்க முடியாது. 2.0 இருந்தா 4கே 60 ஹெர்ட்ஸ் போகும். 1080பி (1920-க்கு 1080) இல்ல 1440பி (2560-க்கு 1440) மானிட்டர்தான் வாங்கப் போறீங்க, 60 ஹெர்ட்ஸ் போதும்னா 1.4-ஏ தாராளம்.

டைப்-சி போர்ட்டுல தான் ஏமாறுறவங்க ஜாஸ்தி. ஓட்டை ஒன்னு, உள்ள இருக்குற சமாச்சாரம் வேற வேற. சிலது டேட்டா மட்டும் அனுப்பும், சிலது சார்ஜும் வாங்கும், சிலதுதான் வீடியோ அனுப்பும். போர்ட்டு பக்கத்துல மின்னல் குறி இருந்தா பெரும்பாலும் தண்டர்போல்ட், அதுலயும் வீடியோ போகும், 'D'யும் 'P'யும் சேந்த மாதிரி ஒரு குறி இருந்தா டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ மாதிரி இன்னொரு வகை) வீடியோ போகும். பேட்டரி படம் இருந்தா அது சார்ஜ் சம்பந்தப்பட்டது, வீடியோவுக்கு அது உத்தரவாதம் இல்ல. குறியே இல்லாத லேப்டாப்பும் இருக்கு, அப்ப ஸ்பெசிஃபிகேஷன்ல "டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்"ங்குற வார்த்தை இருக்கான்னு தேடுங்க. "டைப்-சில சார்ஜ் ஆகுது, அப்ப வீடியோவும் வரும்"னு நீங்களா முடிவு கட்டிடாதீங்க.

மேக்புக் வச்சிருக்கவங்க எத்தனை மானிட்டர்ங்குறதையும் பாக்கணும். எம்1, எம்2 சிப் போட்ட மேக்புக் ஏர்ல வெளி மானிட்டர் ஒன்னுதான், எம்3 ஏர்ல மூடியை மூடி வச்சா ரெண்டு, எம்4 ஏர்ல மூடி தொறந்திருந்தாலும் ரெண்டு. ரெண்டு மானிட்டர் வாங்கிட்டு எம்1 ஏர் முன்னாடி உக்காந்தா இன்னொன்னுக்கு டிஸ்ப்ளேலிங்க்குன்னு தனியா ஒரு அடாப்டரும் சாஃப்ட்வேரும் போட்டு சமாளிக்கணும், அந்தப் பாடு தேவையான்னு யோசிச்சுக்குங்க.

மூணாவது வாட் கணக்கு. சார்ஜர் மேல "அவுட்புட்"னு பொடி எழுத்துல 20 வோல்ட், 3.25 ஆம்ப் மாதிரி போட்டிருக்கும், ரெண்டையும் பெருக்குனா 65 வாட். சில மானிட்டருங்க ஒரே டைப்-சி கேபிள்ல படத்தையும் வாங்கிக்கிட்டு லேப்டாப்புக்கு சார்ஜும் குடுக்கும். அது எத்தனை வாட் குடுக்குதுன்னு உங்க சார்ஜரோட ஒப்பிட்டுப் பாருங்க. லேப்டாப்புக்கு 100 வாட் வேணும், மானிட்டர் 65 தான் தருதுன்னா லேசான வேலைக்கு ஓடும், கனமா ஏதாவது ஓட்டுனா சார்ஜ் போட்டிருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

2. மேஜையை அளந்துக்குங்க

இதை யாரும் செய்யறதில்ல, ஆனா அஞ்சு நிமிஷ வேலை. 24 இன்ச் ஸ்கிரீனோட அகலம் சுமார் 53 சென்டிமீட்டர், 27 இன்ச் 60, 32 இன்ச் 71. மேஜையோட ஆழத்தைத்தான் முக்கியமா பாக்கணும், ஏன்னா ஸ்டாண்டே 20 சென்டிமீட்டருக்கு மேல எடுத்துக்கும், ஸ்கிரீன் அந்த அளவுக்கு முன்னாடி வந்துடும்.

கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவுல கையை நீட்டுற தூரமாவது வேணும். 27 இன்ச்சுக்கு 65 சென்டிமீட்டர் பக்கம் இருந்தா நல்லது, 32-க்கு 80 வரைக்கும் தள்ளிப் போறது உத்தமம். ஆழம் கம்மியான மேஜையில 32 இன்ச்சை வச்சா மூலையில உள்ளதைப் படிக்க கழுத்தைத் திருப்பிக்கிட்டே இருக்கணும், சாயங்காலம் ஆனா கழுத்து தானா சொல்லும்.

சந்தேகமா இருந்தா பழைய நியூஸ்பேப்பரை 60-க்கு 34 சென்டிமீட்டர்னு வெட்டுங்க (27 இன்ச் அளவு), மேஜைக்குப் பின்னாடி ஸ்கிரீன் வரப்போற இடத்துல ஒட்டிட்டு உக்காந்து பாருங்க. கடை வெளிச்சத்துல பத்தடி தள்ளி நின்னு பாக்குறப்ப சின்னதா தெரியுற மானிட்டர் மேஜையில எவ்வளவு எடம் புடிக்கும்னு அப்பத்தான் உறைக்கும்.

3. சைஸையும் ரெசொல்யூஷனையும் சேத்தே முடிவு பண்ணுங்க

தனித்தனியா முடிவு பண்றதுதான் இங்க நடக்குற பெரிய தப்பு. ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல்ங்குறதுதான் எழுத்து எப்படித் தெரியும்னு தீர்மானிக்குது.

24 இன்ச்ல 1080பின்னா இன்ச்சுக்கு 92 பிக்சல், எல்லா வேலைக்கும் ஓகே. அதே 1080பியை 27 இன்ச்ல இழுத்தா 82-க்கு வந்துடும், எழுத்தோட ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். இங்கிலீஷ் எழுத்துல இது அவ்வளவா உறுத்தாது, தமிழ்ல படிக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியும், சின்ன எழுத்துல 'ன'வுக்கும் 'ண'வுக்கும் சுழி எண்ண முடியாம ரெண்டும் ஒரே கறுப்பு முடிச்சா நிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி எங்கயாவது ஒரு மானிட்டரை நேர்ல பாக்க முடிஞ்சா, படம் வீடியோ எல்லாம் விட்டுட்டு ஒரு தமிழ்ப் பக்கத்தைத் தொறந்து சாதா சைஸ்ல படிச்சுப் பாருங்க, அதை விட நல்ல டெஸ்ட் இல்ல.

27 இன்ச்ல 1440பின்னா 109 பிக்சல். விண்டோஸ்ல ஸ்கேலிங் (எழுத்தையும் ஐகானையும் பெருசாக்குற செட்டிங்) 100 சதவீதத்துலயே வச்சு ஓட்டலாம், ரெண்டு டாகுமென்ட்டை பக்கத்துல பக்கத்துல நெருக்கடி இல்லாம வைக்கலாம். ஆஃபீஸ் வேலை, கோடிங், எக்செல்னு இருக்கவங்க என்கிட்ட கேட்டா நான் சொல்றது இதைத்தான்.

27 இன்ச் 4கேன்னா 163 பிக்சல். இதுல ஒரு பெரிய தவறான நெனப்பு இருக்கு, 4கே வாங்குனா நாலு மடங்கு எடம் கெடைக்கும்னு. 100 சதவீதத்துல வச்சா எழுத்து எறும்பு சைஸ்ல வரும், யாரும் அப்படி வைக்க மாட்டாங்க, 150-க்குப் போவீங்க, அப்ப கெடைக்குற எடம் 1440பி மானிட்டர்ல கெடைக்குற அதே அளவுதான். ஆனா எழுத்து அச்சடிச்ச மாதிரி கூர்மையா இருக்கும். அந்தக் கூர்மைக்காக வாங்குறதுன்னா வாங்கலாம், எடத்துக்காகன்னா 32 இன்ச் 4கே பக்கம் போங்க, அது 138 பிக்சல், 125 சதவீதத்துல சரியா வரும்.

32 இன்ச் 1440பி பாக்க பிரமாண்டமா இருக்கும், கணக்கு போட்டா 92 பிக்சல்தான், 24 இன்ச் 1080பியைப் பெருசாக்குன கதை.

மேக் ஆளுங்களுக்கு ஒரு விஷயம்: 2018-ல வந்த மொஹாவியில இருந்து சப்பிக்சல் ஃபாண்ட் ஸ்மூத்திங்கை (எழுத்தோட ஓரத்தை வழுவழுப்பா காட்டுற நுட்பம்) ஆப்பிள் எடுத்துட்டாங்க, அதனால 27 இன்ச் 1440பில விண்டோஸ்ல தெளிவா தெரியுற எழுத்து மேக்ல கொஞ்சம் மங்கலா தெரியும். லேப்டாப் ஸ்கிரீனுக்குப் பழகுன கண்ணுக்கு அது ரொம்பவே உறுத்தும், பட்ஜெட் இடம் குடுத்தா 4கே எடுங்க.

34 இன்ச் அகல மானிட்டர் ஆசைப்படுறவங்க, அடிக்கடி மீட்டிங்ல முழு ஸ்கிரீனையும் ஷேர் பண்ற வேலையா இருந்தா யோசிங்க, எதிர்ல லேப்டாப்புல பாக்குறவங்களுக்கு எழுத்து கண்ணுக்கே தெரியாது.

4. பேனல், ஹெர்ட்ஸ், மத்த ஸ்டிக்கரெல்லாம்

பேனல்னா படம் காட்டுற தகடு, அதுல ஐபிஎஸ் வகை எடுத்தா பெருசா தப்பு நடக்காது, பக்கவாட்டுல இருந்து பாத்தாலும் கலர் மாறாது. விஏ பேனல்ல கறுப்பு நல்ல கறுப்பா இருக்கும் (கான்ட்ராஸ்ட் 3000:1 பக்கம், சாதாரண ஐபிஎஸ்ல 1000:1), படம் பாக்க நல்லாருக்கும், ஆனா டார்க் மோட்ல வேகமா ஸ்க்ரோல் பண்ணா எழுத்துக்குப் பின்னாடி நிழல் இழுக்குற விஏ நெறைய இருக்கு. டிஎன் வகை வேண்டாம்.

60 ஹெர்ட்ஸ்ல வேலை ஓடும். 100, 120 வந்தா ஸ்க்ரோல் வழுக்கிட்டுப் போகும், கெடைச்சா எடுத்துக்குங்க, அதுக்காக ரெசொல்யூஷனை விட்டுக்குடுக்காதீங்க. "1 எம்எஸ்" (பிக்சல் கலர் மாறுற வேகம்), "எச்டிஆர் 400" (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுறது) ஸ்டிக்கருக்காக ஒரு பைசா கூட அதிகம் குடுக்க வேண்டியதில்ல. பிரைட்னஸ் 250 நிட்ஸ் சாதாரண ரூமுக்குப் போதும், பெரிய ஜன்னல் இருந்தா 350 பாருங்க. ஃபோட்டோ, டிசைன் வேலைன்னா எஸ்ஆர்ஜிபி (எத்தனை கலர் காட்டணும்ங்குற ஒரு தரநிலை) 99 சதவீதம்னு போட்டிருக்கணும்.

ஸ்டாண்டுல உயரம் ஏத்தி இறக்க முடியுமான்னு பாருங்க. அது இல்லன்னா பின்னாடி 100-க்கு 100 மில்லிமீட்டர் வெசா ஓட்டை நாலு இருக்கணும், பிற்பாடு கை மாதிரி நீளுற மவுன்ட் மாட்டலாம். ரெண்டுமே இல்லாத மானிட்டர் எவ்வளவு மலிவா இருந்தாலும் எனக்குப் புடிக்காது.

5. கேபிளும் ஹப்பும்

போன் சார்ஜரோட வந்த டைப்-சி கேபிளை மானிட்டர்ல சொருகிட்டு படம் வரலன்னு ஒக்காந்திருக்கவங்களை நெறையப் பாக்கலாம். அந்த மாதிரி கேபிள்ல பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 கம்பி மட்டும்தான் உள்ள ஓடும், வீடியோவுக்கு வேண்டிய கம்பியே இருக்காது. மானிட்டர் பெட்டியில வந்த கேபிளைப் போடுங்க, இல்லன்னா "வீடியோ சப்போர்ட்"னு தெளிவா எழுதியிருக்குறதை வாங்குங்க.

டைப்-சி ஹப் (ஒரு டைப்-சில இருந்து பல போர்ட்டு குடுக்குற குட்டிப் பெட்டி) மூலமா எச்டிஎம்ஐ எடுக்குறதுன்னா பெட்டியில "4கே"ன்னு மட்டும் இருந்தா நம்பாதீங்க, "4கே 60 ஹெர்ட்ஸ்"னு இருக்கணும். காரணம் என்னன்னா டைப்-சில வேகமான பாதை நாலு இருக்கு, ஹப்பு அதுல ரெண்டை யூஎஸ்பி போர்ட்டுங்களுக்கு எடுத்துக்கிட்டு மிச்சம் ரெண்டைத்தான் படத்துக்கு விடும், பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்துல அந்த ரெண்டுல 4கே 30-தான் போகும். ஹப்பும் லேப்டாப்பும் ரெண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ஆ இருந்தா 60 வரும்.

இன்னொன்னு, டிஸ்ப்ளேபோர்ட்டுல இருந்து எச்டிஎம்ஐக்குப் போற சாதா கேபிள் ஒருவழிப்பாதை. லேப்டாப் பக்கம் எச்டிஎம்ஐ, மானிட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட்னு திருப்பி மாட்டுனா வேலை செய்யாது, அதுக்குத் தனியா கரண்ட் வாங்குற ஆக்டிவ் அடாப்டர் வேணும். நீளம் ரெண்டு மீட்டருக்குள்ள முடிச்சுக்குங்க. தங்க முலாம் பூசுன கேபிளால படம் ஒன்னும் தங்கமாகாது.

6. பெட்டியைப் பிரிச்சு மாட்டுறது

பேனலை வெளிய எடுக்காம, தெர்மகோல்ல படுத்த வாக்குலயே ஸ்டாண்டை மாட்டுங்க. தூக்கும்போது அடிப்பட்டையையும் ஸ்டாண்டு கழுத்தையும் புடிச்சு தூக்கணும், ஸ்கிரீன் மேல கட்டை விரல் அழுந்துனா அந்த எடத்துல தழும்பு விழுந்துடும், அதுக்கு வாரண்டியும் கெடைக்காது.

போர்ட்டெல்லாம் பெரும்பாலும் கீழ பாத்த மாதிரி இருக்கும், நிமித்தி வச்சப்புறம் கழுத்தை வளைச்சு குருட்டாம்போக்குல சொருகுறதுக்குப் பதிலா, ஸ்டாண்டு மாட்டுன உடனே கேபிளையும் மானிட்டர்ல சொருகிடுங்க. டிஸ்ப்ளேபோர்ட் தலையில ஒரு சின்ன கொக்கி இருக்கும், கழட்டும்போது மேல உள்ள பட்டனை அமுக்கிட்டுத்தான் இழுக்கணும், சும்மா இழுத்தா மானிட்டர் பக்கத்து போர்ட்டே ஆடிப்போயிடும்.

மானிட்டரை ஆன் பண்ணிட்டு அப்புறம் லேப்டாப்புல சொருகுங்க. "நோ சிக்னல்"னு வந்தா பதறாம மானிட்டர் பட்டன்ல இன்புட் சோர்ஸ் போயி நீங்க சொருகுன போர்ட்டையே நேரா தேர்ந்தெடுங்க, எச்டிஎம்ஐ 1, 2-ன்னு ரெண்டு இருந்தா மாத்திப் பாக்கணும்.

படம் வந்த உடனே முழு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு கலரையும் ஸ்கிரீன் நெறைய போட்டு செத்த பிக்சல் இருக்கான்னு தேடுங்க. ஒன்னு ரெண்டு இருந்தா வாரண்டியில ஏத்துக்காத கம்பெனி நெறைய, அதனால திருப்பிக் குடுக்குற கெடு முடியறதுக்குள்ள பாக்கணும், அது வரைக்கும் பெட்டியையும் தூக்கிப் போடாதீங்க.

7. லேப்டாப் பக்கம் செட்டிங்

விண்டோஸ்ல, விண்டோஸ் கீயோட 'P' அமுக்குங்க, "எக்ஸ்டெண்ட்" எடுங்க. "டூப்ளிகேட்"லயே விட்டுட்டு மானிட்டர் மங்கலா இருக்குன்னு சொல்றவங்க அத்தனை பேர் இருக்காங்க. டூப்ளிகேட்ல ரெண்டு ஸ்கிரீனுக்கும் பொதுவான ஒரு ரெசொல்யூஷனுக்கு இறங்கிடும், 1366-க்கு 768 லேப்டாப்போட படம் 27 இன்ச்ல விரிஞ்சா மங்கலாத்தான் இருக்கும்.

அப்புறம் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே. இதுல வரிசை முக்கியம். மொதல்ல "ஐடென்டிஃபை" அமுக்கி எது 1, எது 2-ன்னு பாருங்க. அந்தப் பெட்டிங்களை இழுத்து மேஜையில நெசமா இருக்குற மாதிரியே வைங்க, லேப்டாப் எடதுபக்கம் கீழ இருந்தா இங்கயும் எடதுபக்கம் கீழ. இல்லன்னா மவுஸ் போக வேண்டிய பக்கம் போகாம சுவத்துல முட்டுன மாதிரி நிக்கும். அடுத்து மானிட்டரைத் தேர்ந்தெடுத்து "மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே". அப்புறம் ரெசொல்யூஷன்ல "ரெகமெண்டட்"னு போட்டிருக்குறது, அப்புறம் ஸ்கேலிங். எழுத்து சின்னதா இருக்குன்னு ரெசொல்யூஷனைக் குறைக்காதீங்க, ஸ்கேலிங்கை ஏத்துங்க, ரெசொல்யூஷனைக் குறைச்சா மொத்தப் படமும் கலங்கிடும்.

கடைசியா "அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே"ல ரெஃப்ரெஷ் ரேட். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாசக்கணக்கா 60-லயே ஓட்டிக்கிட்டு இருக்கவங்க உண்டு, தானா ஏறிக்கும்னு நெனச்சுக்குறாங்க, பல சமயம் ஏறாது, நாமதான் மாத்தணும். எச்டிஆர் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, சாதாரண மானிட்டர்ல டெஸ்க்டாப் வெளிறிப் போகும்.

மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ், டிஸ்ப்ளேஸ், "அரேஞ்ச்". அங்கயும் இதே வரிசைதான்.

சத்தம் வரலன்னா ஸ்பீக்கர் போகல, எச்டிஎம்ஐ சொருகுன உடனே ஆடியோவும் மானிட்டருக்குத் தாவிடும், அதுல ஸ்பீக்கரே இல்லன்னா எங்கேருந்து வரும். சவுண்டு செட்டிங்ல லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்க.

8. மானிட்டரோட சொந்த மெனு

பெட்டியில இருந்து வரும்போது பிரைட்னஸை ஏகத்துக்கும் ஏத்தி விட்டிருப்பாங்க. ஒரு வெள்ளைப் பேப்பரை ஸ்கிரீன் பக்கத்துல புடிச்சு, காலி வேர்டு பக்கத்தைத் தொறந்து வைங்க. ஸ்கிரீன் டியூப்லைட் மாதிரி அடிச்சா குறைங்க, பேப்பரும் ஸ்கிரீனும் ஏறக்குறைய ஒன்னா தெரியுற எடத்துல நிறுத்துங்க. கண் எரிச்சல்னு சொல்றவங்களுக்கு பல சமயம் இதுவே மருந்து. டைனமிக் கான்ட்ராஸ்ட் (படத்துக்கு ஏத்த மாதிரி வெளிச்சத்தைத் தானா மாத்துறது) ஆஃப். ஷார்ப்னஸ் கூட்டி வச்சிருந்தா எழுத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு தெரியும், அது மறையுற வரைக்கும் இறக்குங்க. ஓவர்டிரைவ் (பிக்சல் மாறுற வேகத்தைக் கூட்டுறது) நடுவுல இருக்கட்டும்.

கறுப்பு சாம்பலா தெரிஞ்சா எச்டிஎம்ஐல கலர் ரேஞ்ச் "லிமிடெட்"ல இருக்கும், 0-ல இருந்து 255-க்குப் பதிலா 16-ல இருந்து 235-தான் போகும். கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனல்ல "ஃபுல்" ஆக்குங்க, மானிட்டர்லயும் அதே ஆப்ஷன் இருந்தா அங்கயும்.

9. உயரம், வெளிச்சம், மூடி

ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண் மட்டத்துல இல்ல கொஞ்சம் கீழ. மூக்குக்கண்ணாடியில ரெண்டு பவர் போட்டவங்க இன்னும் இறக்கணும், இல்லன்னா தாடையைத் தூக்கித் தூக்கிப் பாப்பீங்க. ஜன்னல் பக்கவாட்டுல இருக்கட்டும், முன்னாடி இருந்தா கண் கூசும், முதுகுக்குப் பின்னாடி இருந்தா ஸ்கிரீன்ல அடிக்கும்.

லேப்டாப்பை மூடி வச்சு ஓட்டணும்னா விண்டோஸ்ல கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், மூடியை மூடுனா என்ன ஆகணும்ங்குற எடத்துல "ப்ளக்டு இன்"க்கு மட்டும் "டூ நத்திங்". "ஆன் பேட்டரி"யையும் அப்படி மாத்திட்டா மூடிப் பைக்குள்ள போட்டதுக்கு அப்புறமும் ஓடிக்கிட்டே இருக்கும், சூடாகி பேட்டரியும் காலி. மேக்ல சார்ஜர், வெளி கீபோர்டு, மவுஸ் மூணும் இணைஞ்சிருந்தா மூடுனாலும் ஓடும்.

10. தகராறு பண்ணா எந்த வரிசையில பாக்குறது

படம் திடீர்னு போயிடுச்சா? மொதல்ல விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'B' நாலையும் சேத்து அமுக்குங்க, ஒரு பீப் வந்து கிராஃபிக்ஸ் டிரைவர் திரும்ப எழுந்துக்கும். வரலன்னா மானிட்டரோட பவர் வயரையே பிடுங்கி அரை நிமிஷம் விட்டு சொருகுங்க, பட்டன்ல ஆஃப் பண்றது பத்தாது. அப்புறம் கேபிள் மாத்துங்க, அப்புறம் போர்ட்டு மாத்துங்க, டிரைவர் அப்டேட் எல்லாம் அதுக்கும் அப்புறம். இந்த வரிசைக்குக் காரணம், மேல உள்ளது நொடியில முடியும், கீழ உள்ளதுக்கு மணிக்கணக்காகும்.

விண்டோ ஏதாவது காணாப் போச்சுன்னா டாஸ்க்பார்ல அதைத் தேர்ந்தெடுத்து விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி, பக்கத்து ஸ்கிரீனுக்குத் தாவி வந்துடும். ஏதாவது ஒரு பழைய ஆப் மட்டும் மங்கலா தெரிஞ்சா சைன் அவுட் பண்ணி உள்ள வாங்க, ரெண்டு ஸ்கிரீன்ல ஸ்கேலிங் வேற வேறயா இருந்தா இப்படி ஆகும்.

அப்பப்ப ஒரு செகண்ட் கறுப்பாகி திரும்ப வருதுன்னா பெரும்பாலும் கேபிள்தான், நீளமானதோ தரம் கம்மியானதோ. கேபிள் மாத்தியும் போகலன்னா எப்ப ஆகுதுன்னு கவனிங்க. நீங்க நாற்காலியில இருந்து எழுந்திரிக்கும்போது மட்டும் ஆகுதா? சிரிக்காதீங்க, கேஸ் லிஃப்ட் (உயரம் ஏத்தி இறக்குற கேஸ் குழாய்) வச்ச நாற்காலியில உக்காரும்போதும் எழும்போதும் ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) உண்டாகி அது வீடியோ கேபிளை ஒரு நொடி குழப்பும், இது தெரிஞ்ச கோளாறுதான். நல்ல ஷீல்டு உள்ள குட்டைக் கேபிளா போட்டு, அதை நாற்காலியில இருந்து தள்ளி மேஜைக்குப் பின்பக்கமா இழுத்துக் கட்டுங்க.